தையல் ஊசி என்று சொன்னேன்

அன்பு மகனுக்கு உன் வாப்பா எழுதுவது. நீயும் மருமகள் ஹபீபாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருப்பீர்கள். நாங்களும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவதுதான் என் வழக்கம். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. நீ வுங் டாவிலிருந்து சைகோனுக்கு அனுப்பிய கடிதம் நேற்று முன்தினம் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு கைக்கு வந்தது. பள்ளிவாசலிலிருந்து வரும் வழியிலேயே பிரித்து, டோங் யூ தெரு முனையில் நின்று படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நீ எழுதும் முதல் நீண்ட கடிதம். பட்டறைக்கு மீன்பிடிப் படகுகள் வரத் தொடங்கியிருப்பது, வீட்டுக் கூரை ஒழுகுவது, ஹபீபா கடல் காற்றில் இருமுவது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "ஹபீபா வேலை கற்றுக்கொண்டாள் வாப்பா, டீசல் இன்ஜெக்டரைச் சோதிக்க நான் நெம்புகோலை அழுத்துகிறேன், அவள் எண்ணெய் பீய்ச்சும் நாசிலின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்து ஒழுகுகிறதா இல்லையா என்று சொல்கிறாள்" என்று எழுதியிருந்தாய். பின்னால் வந்த சைக்ளோ ரிக்ஷாக்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்து என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை இதற்கு மேல் படிக்குமுன் எழுந்து போய் அந்தச் சோதனை மேசையைத் துணி போட்டு மூடிவிட்டு வா. அவளை இனி அந்த நுனிக்கு அருகில் விரலைக் கொண்டுபோக விடாதே. நீயும் கொண்டுபோகாதே. ஏன் என்று இருபத்திரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். சொல்லியிருந்தால் அந்த வரியை நீ எழுதியிருக்கவே மாட்டாய். பஸ் ஓடினால் நானே புறப்பட்டு வந்திருப்பேன். இன்று ஓடவில்லை. நாளை ஓடுமாம், ஆனால் வழியில் எங்கே நிறுத்திச் சோதிப்பார்கள், எப்போது திரும்பலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுதி, டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தொழில் அறிவில் எனக்குக் குறை எதுவும் இல்லை. டீசலை நாங்கள் கஸ்வால் என்று சொன்ன காலத்திலிருந்து நான் பார்த்த மெக்கானிக்குகளில் உன் அளவுக்குச் சுத்தம் பார்த்தவர்கள் குறைவு. கடலோரத்தில் பீப்பாய்க்குள் தண்ணீர் இறங்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் நிற்பதை வடித்துக் கொட்டிவிட்டு, மேலே உள்ளதை மட்டும் எடுப்பாய். வடிகட்டிக் கிண்ணத்தைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பாய். குழாயில் காற்று புகுந்தால் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடிப்பாய். நாசிலின் ஊசியையும் அதன் உறையையும் ஜோடி மாற்றிப் போட மாட்டாய், கழுவிய பிறகு துணியால் துடைக்க மாட்டாய். இவ்வளவும் நான் சொல்லிக்கொடுத்தேன். எஞ்சின் கெட்டுப்போகாமல் பார்ப்பது எப்படி என்று ஒன்று விடாமல் சொன்னவன், மனிதர்களை அது என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லப் போனால் உன் உம்மாவின் இடது கையைப் பற்றிப் பேசவேண்டிவரும். அந்தப் பயம்தான்.

மார்க்கெட் பக்கம் யாரோ வீசிய கையெறி குண்டில்தான் உன் உம்மாவின் இரண்டு விரல்களும் போயின என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அது பொய். அந்த விரல்கள் என் பட்டறையில், என் கையால் போயின.

பிரெஞ்சுக்காரர்களின் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கான் ஹோய் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடைக்கரையில் என் பட்டறை. ஆற்றில் அரிசி ஏற்றும் படகுகளின் எஞ்சின்தான் எனக்கு வேலை. என்னோடு இருந்த சீனத்து மெக்கானிக் சோலோனில் சொந்தக் கடை போட்டுப் போய்விட்டதால் தனி ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் உம்மா மதியச் சாப்பாட்டைக் கொண்டுவருவாள், பாத்திரத்தோடு திரும்பிப் போக மனமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சும்மா இருக்க அவளுக்குப் பிடிக்காது. ஒரு மாதத்தில் காதாலேயே கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள். நல்ல இன்ஜெக்டர் கிரீச்சென்று குருவி மாதிரிக் கத்தும், கெட்டது சீறும் என்பாள். நான் நெம்புகோலை அழுத்துவேன், அவள் நுனிக்குக் கீழே மை ஒற்றும் தாளைப் பிடிப்பாள். கறை வட்டமாக, சீராக விழுந்தால் சரி. ஒரு பக்கம் சொட்டையாக விழுந்தால் மறுபடி கழற்று என்பாள். சந்தோஷமாக இருந்தோம் மகனே. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் கடிதத்தில் இருந்த அதே சந்தோஷம்தான்.

பா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு படகுக்காரர் ஒருநாள் காலையில் ஆறு இன்ஜெக்டர்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆற்றில் பியென் ஹோவா ஊருக்கு மேலே அவர் படகு எங்கே போகிறது, யாருக்கு என்ன கொண்டுபோகிறது என்று ஓடைக்கரையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் அதில்தான் போயின. நான் கேட்டதில்லை. மாலை ஆற்றில் நீர் ஏறும்போது புறப்பட வேண்டும், அதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். தெருவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி தெருவைப் பார்ப்பார். எனக்கும் அந்தப் பதற்றம் ஒட்டிக்கொண்டது.

நான்காவது இன்ஜெக்டருக்கு வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. பீய்ச்சி முடித்த பிறகு நுனியில் ஈரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலை வைத்துப் பார் என்றேன். அதுவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அவள் இடது கை ஆள்காட்டி விரலை நுனியில் வைத்தாள். அந்த நேரம் பா ஏதோ சொன்னார். நான் வாசல் பக்கம் திரும்பினேன். திரும்பியபடியே, என்ன செய்கிறேன் என்ற நினைவில்லாமல், நெம்புகோலை அழுத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "சுருக்குன்னுச்சு" என்று மட்டும் சொல்லி விரலைத் தூக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொசு கடித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா, இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். கழுவிக்கொண்டு வந்தாள். பழைய செய்தித்தாளைக் கிழித்து அதே கையில் பிடித்துக்கொண்டு மிச்ச இரண்டையும் பார்த்துச் சொன்னாள். பா வாங்கிக்கொண்டு போனார்.

எஞ்சின் உருளைக்குள் அடைபட்டிருக்கும் காற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகத்தான் கஸ்வாலுக்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம். மனிதத் தோல் அதற்கு எம்மாத்திரம்? ஒரு மயிரிழைத் துளை வழியாக உள்ளே இறங்கி, விரலின் நீளம் முழுக்க, உள்ளங்கைவரை பரவிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். முதல் சில மணி நேரம் வலிகூட இருக்காது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று மாலை அஸர் தொழுகைக்குள் அவள் விரல் மரத்துப்போயிற்று. மறுநாள் விடிந்தபோது மொந்தன் வாழைக்காய் மாதிரி வீங்கி, நிறம் வெளுத்து, தொட்டால் கல்லாக இருந்தது. வலியில் அவள் உதட்டைக் கடித்து உதடு கிழிந்திருந்தது. சைக்ளோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வாசலில் ஒரு போலீஸ்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். காயத்தோடு வருகிற ஒவ்வொருவரின் பெயரையும், காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்பதையும் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற ஆளைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வரிசையில் நின்றபோதே என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. டீசல் என்றால் எந்த எஞ்சின் என்பார்கள். எஞ்சின் என்றால் யாருடைய படகு என்பார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சைகோனில் எல்லோருக்கும் தெரியும். என் முறை வந்தபோது போலீஸ்காரரிடம் பிரெஞ்சில் தையல் ஊசி குத்திவிட்டது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதாமல் உள்ளே விட்டார். உள்ளே டாக்டர் பிரெஞ்சில் கேட்டார். அவரிடமும் பிரெஞ்சில் அதையே சொன்னேன். கூடத்தில் குண்டடி பட்டவர்கள் தரையில் கிடந்தார்கள். ஊசி குத்திய விரலுக்கு ஒதுக்க அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? மருந்து தடவிக் கட்டுப்போட்டு, ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் மகனே. இரண்டு நாள் அந்தக் கட்டோடு அவளை வீட்டில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஆள்காட்டி விரல் கறுத்திருந்தது, பக்கத்து விரலும் நிறம் மாறியிருந்தது. மறுபடி ஓடினோம். இந்த முறை வேறொரு டாக்டர், வயதான வியட்நாமியர். உடனே அறுவைக்கு எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து என் எதிரில் நின்றார். அவர் கோட்டிலிருந்து என் பட்டறையின் வாடை வந்தது. விரலைத் திறந்தபோது உள்ளேயிருந்து கஸ்வால் வடிந்திருக்கிறது. அவர் சத்தமே போடவில்லை. "இது எந்தத் தையல் ஊசி?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் கீறிக் கழுவிவிட்டிருக்கலாம், ஒருவேளை விரல் தப்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு, என்னைப் போலீஸிடம் காட்டிக்கொடுக்காமல் அவர் உள்ளே போய் இரண்டு விரல்களையும் எடுத்தார். முதல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு இந்தக் காயத்தைப் பற்றித் தெரிந்திருக்குமா என்று பல முறை யோசித்துவிட்டேன். தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்திருக்க ஒரு வாய்ப்புக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் மார்க்கெட் பக்கம் யாரோ கையெறி குண்டு வீசியிருந்தார்கள், காட்டில் இருந்தவர்களின் வேலை என்று பேச்சு. பள்ளிவாசலில் உன் உம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பற்றி ஒருவர் கேட்டார். அங்கே மாட்டிக்கொண்டாளா என்று அவரே கேட்டு முடித்தார். நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதான். வீடு தேடி வந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள், அவளுக்காக துஆ செய்தார்கள். நான் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன். பா ஒரு மாதம் கழித்து வந்தார். உன் உம்மாவின் கையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓடைக்கரையில் அவர் ஒருவருக்குத்தான் குண்டு இல்லை என்று தெரியும். அதன் பிறகு என் பட்டறைக்கு அவர் வரவில்லை.

உனக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் பல்லை உடைத்தாயே, நினைவிருக்கும். அவன் அப்பா காட்டில் இருந்தவர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "உங்க ஆளுங்கதான் எங்க உம்மா கையக் கெடுத்தாங்க" என்று சொல்லி அடித்தாய். அன்று மாலை அந்தப் பையனின் அப்பா பட்டறைக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் மரியாதையாக, உங்கள் மனைவிக்கு நடந்ததைக் கேட்டு வருந்துகிறேன், ஆனால் என் மகன் அப்போது பிறக்கவே இல்லை என்றார். வீசியவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது அவர் பேசியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைக் கூப்பிட்டு அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கவைத்தேன். நான் கேட்கவில்லை. அவர் கை கூப்பிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பொய் என் வீட்டோடு நிற்கவில்லை, உன் கை முஷ்டிவரை போய்விட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தேன். அவரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் இப்போது அவர்கள் இல்லை. எங்கே போனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இன்ஜெக்டரை எப்போதும் ஒரு பாட்டிலின் வாய்க்குள் பீய்ச்சு. தாள் வைத்துப் பார்க்க வேண்டுமானால் தாளை இடுக்கியில் பிடி. ஒழுக்கு பார்ப்பதென்றால் நெம்புகோலை விட்டுவிட்டு, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு தாளை ஒற்றிப் பார், கையை அல்ல. எஞ்சின் ஓடும்போது குழாயில் கசிவு தெரிந்தால் விரலால் தடவித் தேடாதே, அட்டையை நீட்டிப் பார். இவ்வளவுக்கும் பிறகு யாருக்காவது சுருக்கென்று குத்தினால், அது வலிக்காவிட்டாலும், ரத்தம் வராவிட்டாலும், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது, இத்தனை மணிக்குப் பாய்ந்தது என்று சொல். யாருடைய படகு, யாருடைய எஞ்சின் என்று கேட்டால் அதையும் சொல். உன்னைப் பிடித்துக்கொண்டு போனால் போகட்டும். இப்போதும் இந்த ஊரில் வாசலுக்கு வாசல் மேசை போட்டு எழுதுகிறார்கள். உனக்கும் ஒரு நாள் அந்த வரிசையில் நிற்க நேரிடலாம்.

இதுவரை நேற்று எழுதியது. உனக்கு அனுப்புமுன் உன் உம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று இன்று காலை பசியாறிய பிறகு அவளை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து தெரியாதல்லவா? நெம்புகோலை அழுத்தியது நான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நான் பிரெஞ்சில் டாக்டரிடம் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் அவளுக்கு பிரெஞ்சு அவ்வளவாக வராது. படித்து முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தாள்களை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன்.

"மொத நாளு ஆஸ்பத்திரியில நீங்க சீட்டு வாங்கப் போனிய. அப்ப அந்த நர்ஸு என் கையத் தூக்கி மோந்து பாத்தா. எண்ணெ வாடை வருதே, நெசமா ஊசிதானான்னு எங்கிட்ட வியட்நாமியத்துல கேட்டா. அடுப்புக்கு மண்ணெண்ணெ ஊத்துனேன், அந்த வாடைன்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நாள் தள்ளிப்போயிருந்துச்சு. ஒங்ககிட்ட இன்னும் சொல்லல. விரலு போனா போவட்டும், ஒங்களப் புடிச்சிட்டுப் போயிட்டா பொறக்குற புள்ளைக்கு வாப்பா ஏது?"

இரண்டு விரல் கறுத்துப்போகும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாதுதான். ஆனால் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் என்னை வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நான் மட்டுமே சுமப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் சோறு பிசையும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தக் கையைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசியிருக்கிறேன், அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பஸ் புறப்படுமுன் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உன்னிடம் உன் உம்மா சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு, அதில் ஹபீபாவுக்கு எவ்வளவு தெரியலாம் என்று நீ முடிவு செய்யக் கூடாதாம். முழுவதையும் அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டுமாம். பிறகு, அந்த மேசைக்கு அவள் வர விரும்புகிறாளா இல்லையா என்று அவளிடம் கேட்க வேண்டுமாம்.

இதற்குக் கீழே நாலு வரி வியட்நாமிய எழுத்தில் இருக்கிறது. அது உன் உம்மா ஹபீபாவுக்கு எழுதியது. எனக்கு அந்த மொழி பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "ஒங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினாள்.